மூன்று பாங்குகளும் நமக்கு வேண்டும்

நடுநிலை வகுப்பு மாணவர்க்கு ஆங்கில வினைப் பாங்குகளைக் கற்பித்தல் குறித்து ஆற்றிய உரை

     

வெள்ளி விழா மேடையில் சமூக முன்னேற்றம் பற்றிப் பேசுவதே மரபு. நாமோ ஆங்கில இலக்கணம் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். அதிலும் 'மூட்' எனப்படும் வினைப் பாங்கு என்னும் ஒரு சிறு பகுதியைப் பற்றி. "வகுப்பறையில் நடத்த வேண்டியதை இங்கே ஏன் நடத்த வேண்டும்?" என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு நிகழ்ச்சியைக் கூறினால், இந்தச் சிறு பகுதிக்கும் நம் மக்களின் வாழ்வுக்கும் உள்ள உறவு விளங்கும்.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றார். பொறியியல் கல்லூரியில் இடமும் கிடைத்தது. கல்விக் கடன் கேட்டு வங்கி ஒன்றுக்குத் தம் கைப்பட ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிச் சென்றார். அதைப் படித்த அதிகாரி, "எனக்கே உத்தரவு போடுகிறாயா?" என்று சினந்து கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் அம்மாணவரின் தந்தையார் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "என் பிள்ளை என்ன தவறு எழுதினான், ஐயா?" என்று கேட்டார்.

கடிதத்தைப் படித்தோம். "கிவ் மீ எஜுகேஷன் லோன். சைன் தி ஃபார்ம். டெல் மீ தி டேட்." அதாவது, 'எனக்குக் கல்விக் கடன் கொடு. படிவத்தில் கையெழுத்திடு. தேதியைச் சொல்.' எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எல்லா வாக்கியங்களும் ஏவல் வாக்கியங்கள். அந்தப் பிள்ளை யாரையும் அதட்டும் இயல்பினர் அல்லர். கூச்ச சுபாவம் உடையவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த ஒரு பாங்குதான் இருந்தது.

அது எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தோம். ஆறாம் வகுப்பு முதல் அவர் நம் வாயிலிருந்து கேட்ட ஆங்கிலம் என்ன? "சிட் டவுன்", "ஸ்டாண்ட் அப்", "கீப் கொயட்", "ரைட் இட் டென் டைம்ஸ்." இவையே. ஊருக்குள் அவருடைய பாட்டனும் முப்பாட்டனும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த தமிழும் பெரும்பாலும் இதே பாங்கில் அமைந்ததுதான். கடனுக்குத் தகுதி உண்டா இல்லையா என்று பாராமல் நடையைக் கண்டு தாளைத் திருப்பியது அந்த அதிகாரியின் தவறு. ஆனால் அந்தப் பிள்ளையை ஒரே பாங்கோடு வெளியுலகுக்கு அனுப்பியது ஆசிரியராகிய நம் தவறு. அந்தத் தவறை உணர்ந்த பின்னரே வினைப் பாங்கு என்னும் பாடத்தை நாம் முறையாக நடத்தத் தொடங்கினோம்.

பாங்கு என்பது என்ன?

ஏழாம் வகுப்பில் இப்பாடத்தைத் தொடங்கிய அன்று, முதல் வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வினைச்சொல்லுக்கும் மூடு சரியில்லாமல் போகுமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அக்கேள்வி நல்ல கேள்வி. மனநிலையைக் குறிக்கும் 'மூட்' பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். இலக்கணத்தில் வழங்கும் 'மூட்' என்பதோ, முறை, பாங்கு என்று பொருள்படும் 'மோடஸ்' என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது. ஒலி ஒன்று, பிறப்பு வேறு. ஆகவே வினைச்சொல்லுக்கு மகிழ்ச்சியும் இல்லை, கோபமும் இல்லை. பேசுபவர் ஒரு செயலை எந்த முறையில் கேட்பவர்முன் வைக்கிறார் என்பதையே பாங்கு காட்டுகிறது.

ஒரு செயல் எப்போது நடந்தது என்பதைக் காலம் காட்டும். அச்செயலை உண்மை என்று கூறுகிறோமா, செய் என்று ஏவுகிறோமா, இன்னும் நிகழாத ஒன்றாக எண்ணுகிறோமா அல்லது வேண்டுகிறோமா என்பதைப் பாங்கு காட்டும். ஆகவே பாங்குகள் மூன்று. இண்டிகேட்டிவ் என்பதைக் கூற்றுப் பாங்கு என்றும், இம்ப்பரேட்டிவ் என்பதை ஏவற் பாங்கு என்றும், சப்ஜங்டிவ் என்பதை விழைவுப் பாங்கு என்றும் வகுப்பில் பெயரிட்டுக்கொண்டோம்.

ஒரே வினையைக் கொண்டு மூன்றையும் காட்டலாம். "ஷி ஓப்பன்ஸ் தி டோர்" என்றால் அவள் கதவைத் திறக்கிறாள், இது கூற்று. "ஓப்பன் தி டோர்" என்றால் கதவைத் திற, இது ஏவல். "ஐ சஜெஸ்ட் தட் ஷி ஓப்பன் தி டோர்" என்றால் அவள் கதவைத் திறக்கட்டும் என்பது என் யோசனை, இது விழைவு. முதல் வாக்கியத்தில் 'ஓப்பன்ஸ்' என்று இருந்த வினை, மூன்றாவதில் இறுதி 'ஸ்' இழந்து 'ஓப்பன்' என நிற்பதை மாணவர் கவனிக்க வேண்டும். அவள் இன்னும் திறக்கவில்லை. திறப்பது ஓர் எண்ணமாகவே இருக்கிறது. அதை அந்த ஒரு 'ஸ்' இல்லாமையே சொல்லிவிடுகிறது.

இது நம் பிள்ளைகளுக்கு முற்றிலும் புதிய செய்தி அன்று. தமிழ் இலக்கணத்தில் அவர்கள் ஏவல் வினைமுற்றும் வியங்கோள் வினைமுற்றும் படிக்கிறார்கள். 'வா' என்பது ஏவல். முன்னிலையில் உள்ளவரை நோக்கியது. 'வருக', 'வாழ்க', 'ஒழிக' என்பன வியங்கோள். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களில் அது வரும். மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் பொதுவாக வரும் என்பது நன்னூலார் கொள்கை. நம் மொழியில் அறிந்ததைக் கைவிளக்காகக் கொண்டு பிற மொழிக்குள் செல்வதே எளிய வழி. தமிழ் இலக்கணம் நன்கறிந்த பிள்ளை ஆங்கில இலக்கணத்தைக் கண்டு அஞ்சுவதில்லை என்பது நம் பட்டறிவு.

ஏவல்: தெரிந்ததிலிருந்து தொடங்குதல்

இலக்கண நூல்கள் கூற்றுப் பாங்கை முதலில் வைக்கும். நாம் ஏவலை முதலில் வைத்தோம். பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமானது அதுதான். அமைப்பும் எளிது. வினையின் அடிச்சொல் அப்படியே நிற்கும். எழுவாயாகிய 'யூ' மறைந்திருக்கும். மறுத்தற்கு முன்னால் 'டோண்ட்' சேர்க்க வேண்டும். பேசுபவர் தம்மையும் உடன்சேர்த்துக்கொண்டால் 'லெட் அஸ்' என்று தொடங்கும்.

ஏவற் பாங்கு அதிகாரத்திற்கு மட்டும் உரியது என்று மாணவர் எண்ணிவிடக் கூடாது. மருந்துப் புட்டியில் குலுக்கிப் பயன்படுத்துமாறு அச்சிடுவதும் ஏவலே. வாசலில் நிற்பவரை "கம் இன்" என்று அழைப்பதும் ஏவலே. சாலையில் வண்டி வருகிறது என்று "லுக் அவுட்" எனக் கூவி ஒருவர் உயிரைக் காப்பதும் ஏவலே. பாங்கு ஒன்று, நோக்கம் பல.

தமிழில் 'வா', 'வாடா', 'வாரும்', 'வாருங்கள்' என்று ஏவலுக்குப் பல ஈறுகள் உண்டு. பேசுபவர் யார், கேட்பவர் யார் என்பதை அந்த ஈறே ஊருக்கு அறிவித்துவிடும். நரைத்த தலையுடைய நம் பாட்டனாரை ஆண்டை வீட்டுச் சிறுவன் 'வாடா' என்றழைத்த காலத்தை இங்குள்ள முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் 'கம்' என்னும் ஒரே சொல்தான். ஆட்சியரை அழைத்தாலும் அதுவே. குழந்தையை அழைத்தாலும் அதுவே. மரியாதையை 'ப்ளீஸ்' என்னும் சொல்லாலோ, "குட் யூ ப்ளீஸ் ஓப்பன் தி டோர்?" என்பது போன்ற வினா வடிவத்தாலோ தனியே சேர்க்க வேண்டும். இதனால் ஆங்கிலம் சமத்துவ மொழி என்று மயங்கிவிட வேண்டா. அம்மொழி பேசியவர்களும் அடிமைகளை வைத்திருந்தார்கள். வளர்ந்த மனிதரை 'பாய்' என்று அழைத்தார்கள். மொழி தானாக எவரையும் உயர்த்தாது. அதை நாம் கையாளும் திறமே உயர்த்தும்.

ஏவலைப் பயிற்றுவிக்க ஒரு பயிற்சி கொடுத்தோம். ஒவ்வொரு மாணவரும் வீட்டிலும் தெருவிலும் ஒரு நாளில் கேட்கும் ஏவல்களில் ஐந்தினை எழுதி வர வேண்டும். யார், யாரிடம் சொன்னது என்பதையும் எழுத வேண்டும். மறுநாள் வந்த தாள்களில் நம் சேரியின் ஒரு நாள் வாழ்க்கை முழுதும் இருந்தது. 'சாப்பிடு', 'பார்த்துப் போ' என்பன தாய் சொன்னவை. 'தம்பியைப் பார்த்துக்கொள்' என்பது வேலைக்குப் புறப்பட்ட தந்தை சொன்னது. 'மாட்டை அவிழ்த்துக் கட்டு', 'சாணத்தை அள்ளு' என்பன வயலில் கேட்டவை. ஒரு மாணவி மட்டும் 'தள்ளி நில்' என்று எழுதியிருந்தாள். யார் சொன்னது என்னும் இடத்தில் 'கடைக்காரர்' என்றும், யாரிடம் என்னும் இடத்தில் 'என் ஆயாவிடம்' என்றும் இருந்தது.

அதைப் படித்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. நாமும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கரும்பலகையில் அந்தத் தொடரை ஆங்கிலத்தில் எழுதி, "இதைக் கூற்றாக மாற்றுவோம், வாருங்கள்" என்றோம். 'வா' என்பதை விட்டு 'வாருங்கள்' என்று நாம் பிள்ளைகளை அழைக்கத் தொடங்கியது அன்றுதான்.

கூற்று: எழுவாய் முன்வருதல்

ஏவலில் எழுவாய் மறைந்திருக்கும். கூற்றிலோ எழுவாய் முன்னே வந்து நிற்க வேண்டும். வினை அதற்கு இயைந்து நடக்க வேண்டும். அந்த மாணவியின் ஆயாவையே எழுவாயாக வைத்துக்கொண்டோம். "மை கிராண்ட்மதர் ஸ்டாண்ட்ஸ் இன் தி க்யூ. ஷி பேஸ் தி மனி. ஷி டேக்ஸ் ஹர் ரைஸ்." 'என் பாட்டி வரிசையில் நிற்கிறார். பணம் கொடுக்கிறார். தம் அரிசியை வாங்கிக்கொள்கிறார்.' படர்க்கை ஒருமை எழுவாய்க்கு நிகழ்காலத்தில் வினையின் இறுதியில் 'ஸ்' சேரும் என்னும் விதியை எத்தனையோ ஆண்டுகள் நடத்தியிருக்கிறோம். பாதிப் பிள்ளைகள் அதை மறந்துவிடுவது வழக்கம். அன்று அந்த மூன்று வாக்கியங்களில் எவரும் அந்த 'ஸ்' எழுத மறக்கவில்லை.

கூற்று என்றால் உடன்பாடு மட்டும் அன்று. மறுப்பும் வினாவும் அதில் அடங்கும். "ஷி டஸ் நாட் மூவ்." 'அவர் நகரவில்லை.' "ஒய் ஷுட் ஷி மூவ்?" 'அவர் ஏன் நகர வேண்டும்?' ஏவலுக்கு மறுமொழி கூறும் ஆற்றல் கூற்றுப் பாங்கில்தான் இருக்கிறது. தன்னைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுவாயோடு எழுதத் தெரியாத பிள்ளை, நேர்முகத் தேர்வில் "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்று கேட்டவுடன் தலைகுனிந்து நிற்கிறான். அறிவு இல்லாமல் அன்று. 'ஐ' என்று தொடங்கிப் பழக்கம் இல்லாமல்.

விழைவு: இல்லாததும் இனி வருவதும்

மூன்றாவதாகிய விழைவுப் பாங்கே கடினமானது. "இஃப் ஐ வேர் தி கலெக்டர், ஐ வுட் பில்ட் எ ரோட் டு அவர் காலனி" என்று எழுதிக் காட்டினோம். 'நான் ஆட்சியராக இருந்தால் நம் காலனிக்குச் சாலை போடுவேன்.' உடனே ஒரு மாணவன் கேட்டான்: "நாம் கலெக்டர் இல்லையே, ஐயா. பொய் எழுதலாமா?" பொய் இல்லை என்பதைக் காட்டத்தான் இந்தப் பாங்கே இருக்கிறது என்றோம். 'ஐ' என்பதற்குப் பின் வழக்கமாக 'வாஸ்' வரும். இங்கே 'வேர்' வருகிறது. 'நான் சொல்வது உண்மை நிலை அன்று. எண்ணிப் பார்க்கிறேன்' என்று அந்தச் சொல்லே முன்கூட்டி அறிவித்துவிடுகிறது. பேச்சில் இக்காலத்தில் பலர் 'இஃப் ஐ வாஸ்' என்றும் கூறுகின்றனர். எழுத்திலும் தேர்விலும் 'வேர்' என்பதே செவ்விய வழக்கு.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது ஏன் இடர் தருகிறது என்பதை ஆசிரியர் அறிய வேண்டும். 'மழை பெய்தால் குடை பிடிப்பேன்' என்கிறோம். 'நான் பறவையாக இருந்தால் பறப்பேன்' என்கிறோம். மழை பெய்யக்கூடியது, நாம் பறவை ஆவதோ நடவாதது. ஆயினும் தமிழில் இரண்டிற்கும் 'ஆல்' என்னும் ஒரே ஈறுதான். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரிக்கிறது. நடக்கக்கூடியதற்கு, "இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வில் டேக் ஆன் அம்ப்ரெல்லா" எனக் கூற்றுப் பாங்கு வரும். நடவாததற்கு, "இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் ஃப்ளை" என விழைவுப் பாங்கு வரும். 'இஃப்' என்பதை அடுத்து 'வில்' சேர்த்து, "இஃப் ஐ வில் ஸ்டடி" என்று எழுதுவது நம் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் பிழை. அதைத் திருத்த வேண்டும். ஆனால் அதைவிடக் கவனிக்க வேண்டிய பிழை ஒன்று உண்டு.

'இஃப்' என்று தொடங்கும் வாக்கியங்களை எழுதச் சொன்னபோது, ஒரு மாணவி, "இஃப் ஐ ஸ்டடிட் நர்சிங், ஐ வுட் வொர்க் இன் எ ஹாஸ்பிடல்" என்று எழுதினாள். இலக்கணப்படி வாக்கியத்தில் குற்றம் இல்லை. ஆனால் 'ஸ்டடிட்' என்னும் இறந்தகால வடிவம் இங்கே இறந்தகாலத்தைக் குறிக்கவில்லை. 'இது நடக்கப்போவதில்லை' என்பதைக் குறிக்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண் எழுத வேண்டிய வாக்கியமா அது? "நடக்காது என்று முடிவே செய்துவிட்டாயா, அம்மா?" என்று கேட்டோம். "எங்கள் அக்காவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், ஐயா. எட்டாவதோடு நின்றுவிட்டாள்" என்றாள்.

நாம் சிவப்பு மையால் அடிக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு வாக்கியம் எழுதினோம்: "இஃப் ஐ ஸ்டடி நர்சிங், ஐ வில் வொர்க் இன் எ ஹாஸ்பிடல்." 'நான் செவிலியர் படிப்புப் படித்தால் மருத்துவமனையில் பணியாற்றுவேன்.' "இரண்டும் சரியான வாக்கியங்களே. பறவையாவதை முதல் வடிவில் எழுது, செவிலியர் ஆவதை இரண்டாம் வடிவில் எழுது" என்றோம். அவள் இரண்டாவது வாக்கியத்தை மும்முறை எழுதிக்கொண்டாள். நாம் அவளை எழுதச் சொல்லவில்லை.

அன்பர்களே! இலக்கணம் இந்த அளவுதான் செய்ய முடியும். அந்த வாக்கியத்தின் முதற்பகுதி நிறைவேறக் கட்டணம் வேண்டும், விடுதி வேண்டும், பேருந்து வேண்டும், வீட்டாரின் மனம் மாற வேண்டும். ஆசிரியர் திறந்த வாயிலை வறுமை அடைத்துவிடாமல் காப்பது இச்சங்கத்தின் பணி. அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறாள் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கின்றோம்.

விண்ணப்பம்: கெஞ்சலும் கட்டளையும் வேண்டா

விழைவுப் பாங்கிற்கு அன்றாடப் பயன் ஒன்று உண்டு. அதுவே விண்ணப்பம். தமிழில் 'சாதிச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதுகிறோம். அந்த 'மாறு' என்னும் ஈறு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் விழைவுப் பாங்கு செய்கிறது: "ஐ ரிக்வெஸ்ட் தட் தி கம்யூனிட்டி சர்ட்டிபிகேட் பி இஷ்யூட்." இங்கே 'இஸ் இஷ்யூட்' என்று எழுதினால் பிழை. சான்றிதழ் இன்னும் வழங்கப்படவில்லை அன்றோ? ஆகவே அடிவடிவமாகிய 'பி' நிற்கிறது. 'ஷுட் பி இஷ்யூட்' என்று எழுதுவதும் ஏற்புடையதே. ஆங்கிலேயர் வழக்கில் அது மிகுதி. சங்கக் கூட்டங்களில் தீர்மானம் எழுதும்போதும் இதே அமைப்புத்தான். "ரிசால்வ்ட் தட் எ லைப்ரரி பி ஓப்பன்ட்" என்றால் 'நூலகம் ஒன்று திறக்கப்பட வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது' என்பது பொருள்.

பழைய விண்ணப்பங்களைப் பார்த்திருப்பீர்கள். "ஐ பெக் டு" என்று தொடங்கி, 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்று பொருள்படும் தொடரோடு முடியும். பெக் என்றால் இரத்தல். வட்டாட்சியர் அலுவலகத்தில் நாம் கேட்பது பிச்சை அன்று. சட்டம் தந்த உரிமை. ஆகையால் 'பெக்' வேண்டா. அதே வேளையில் 'கிவ்' என்னும் வெற்று ஏவலும் வேண்டா. இரத்தலுக்கும் அதட்டலுக்கும் இடையே நிமிர்ந்து நின்று பேசும் ஒரு நடை உண்டு. 'ஐ ரிக்வெஸ்ட் தட்' என்பது அந்த நடை. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கவும் வேண்டும். ஆயினும் வங்கிக்கும், நடுவண் அரசு அலுவலகங்களுக்கும், வெளிமாநிலக் கல்லூரிகளுக்கும் எழுதும்போது இந்த ஒரு வாக்கிய அமைப்புக் கைகொடுக்கும்.

அரசமைப்புச் சட்டத்தில் பாங்கு

மேல் வகுப்பு மாணவர்க்கும் இளைஞர்க்கும் ஒன்று சொல்ல விரும்புகின்றோம். 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டு 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தை, வினைச்சொற்களைக் கவனித்துப் படியுங்கள். அதை வரைந்த குழுவின் தலைவர் அண்ணல் அம்பேத்கர். தீண்டாமை பற்றிய 17-ஆம் உறுப்பில் மூன்று வினைகள் முக்கியமானவை. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது என்பது ஒன்று. அதை எவ்வடிவில் கடைப்பிடிப்பதும் தடை செய்யப்படுகிறது என்பது இரண்டு. அதன் காரணமாக ஒருவர் மேல் குறைபாட்டைச் சுமத்துவது தண்டனைக்குரிய குற்றமாகும் என்பது மூன்று. முதல் இரண்டும் நேர்க்கூற்று; 'இஸ்' என்னும் துணைவினையோடு வருபவை. மூன்றாவது, 'ஷல்' என்னும் துணைவினையோடு வருவது. 'ஒழியட்டும்' என்னும் விழைவு அங்கே இல்லை. 'தயவுகூர்ந்து ஒழியுங்கள்' என்னும் வேண்டுகோளும் இல்லை.

"ஒழிக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறது, எங்கள் ஊரில் இன்னும் ஒழியவில்லையே, ஐயா. அப்படியானால் அந்தக் கூற்றுப் பொய்யா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். சில கூற்றுகள் செய்தியைச் சொல்வன. சில கூற்றுகள் சொல்வதனாலேயே செயலைச் செய்து முடிப்பன. 'கூட்டத்தைத் தொடங்கி வைக்கிறேன்' என்று தலைவர் சொன்னவுடன் கூட்டம் தொடங்கிவிடுகிறது. சட்டத்தின் கூற்றும் அத்தகையது. அந்தக் கூற்றுக்குப் பின் தீண்டாமை வழக்கம் என்னும் பெயரை இழந்து குற்றம் என்னும் பெயரைப் பெற்றுவிட்டது. ஊரில் அது தொடர்ந்தால் பொய்யாவது சட்டம் அன்று. குற்றம் புரிபவர் பிடிபடவில்லை என்பதே பொருள்.

'ஷல்' என்பதற்கும் 'மே' என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் அறிக. இவை பாங்குகள் அல்ல, துணைவினைகள். ஆயினும் பாங்கு கற்றவர்க்கே இவற்றின் ஆற்றல் எளிதில் விளங்கும். சட்ட நடையில் 'ஷல்' பொதுவாகக் கடமையைக் குறிக்கும்; 'மே' விருப்புரிமையைக் குறிக்கும். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அரசு இலவசக் கட்டாயக் கல்வி தர வேண்டும் என்னும் 21-ஏ உறுப்பு, 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் இருப்பது 'ஷல்'. ஓர் அரசாணையோ உதவித்தொகை அறிவிப்போ கையில் கிடைத்தால் முதலில் இவ்விரு சொற்களையும் தேடுங்கள். நமக்குக் கிடைப்பது உரிமையா, அல்லது ஒருவர் விருப்பத்தைப் பொறுத்ததா என்பதை அவை காட்டிவிடும்.

மாலை நேரப் பாடசாலைகளுக்கு

நம் இளைஞர்கள் மாலை நேரப் பாடசாலைகள் நடத்தி வருவதை அறிவோம். அவர்களுக்கு நம் யோசனைகள் சில. வரையறைகளை மனப்பாடம் செய்விக்க வேண்டா. நாளுக்கு ஒரு வினை. அவ்வினைக்கு மூன்று பாங்கிலும் ஒவ்வொரு வாக்கியம். இவ்வளவே போதும். ஆண்டின் முடிவில் இருநூறு வினைகளாவது பழகிவிடும். வாக்கியங்கள் பிள்ளைகளின் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வரட்டும். வாரம் ஒரு விண்ணப்பம் எழுதச் செய்யுங்கள். ஒரு வாரம் தமிழில், ஒரு வாரம் ஆங்கிலத்தில். கற்பிக்கும்போது பிள்ளைகளை மரியாதையாக அழையுங்கள். ஏவற் பாங்கைக் குறைத்து வினாக்களைக் கூட்டுங்கள். பிள்ளை கேட்கும் மொழியே பிள்ளை பேசும் மொழியாகும்.

கடிதத்தோடு வந்த அந்தத் தந்தையாரிடம், "பிள்ளை தவறாக எழுதவில்லை, நாங்கள் கற்றுக்கொடுத்ததை மட்டும் எழுதிவிட்டான்" என்று உண்மையைச் சொன்னோம். மகனை அழைத்து வரச் செய்து, கடிதத்தை அவரே திருத்தி எழுதுமாறு உடனிருந்தோம். முதலில் தம்மைப் பற்றிய கூற்றுகள். பிறகு சேர்க்கை பற்றிய கூற்றுகள். இறுதியில் விழைவுப் பாங்கில் ஒரே வேண்டுகோள். இம்முறை அவருடைய விண்ணப்பத்தை வங்கி பெற்றுக்கொண்டு ஒப்புகையும் தந்தது. இன்று அவர் பொறியாளர். இவ்வூர் மாலைப் பாடசாலையில் ஞாயிறுதோறும் ஆங்கிலம் கற்பிப்பவர்களில் அவரும் ஒருவர்.

முடிவாக ஒன்று. 1942 சூலையில் நாகபுரியில் நடந்த அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பார் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் நம் மக்களுக்கு வழங்கிய அறிவுரை மூன்று வினைகளால் ஆனது, மூன்றும் ஏவல். அவற்றுள் முதலாவது 'எஜுகேட்'. அதைத் தமிழில் 'கற்பி' என்று வழங்குகிறோம். 'கல்' என்பது தன்வினை. 'கற்பி' என்பது பிறவினை. ஆங்கிலச் சொல்லும் செயப்படுபொருளை வேண்டும் வினையே. ஆகவே நாம் படித்து முடித்துவிட்டதால் அந்த ஏவல் நிறைவேறிவிட்டதாக ஆகாது. ஏவலில் எழுவாய் மறைந்திருக்கும் என்று முன்னரே கூறினோம். இந்த ஏவலில் மறைந்திருக்கும் எழுவாய் நாம். செயப்படுபொருள், இன்று மாலை நம் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்.

தலைமுறை தலைமுறையாக நாம் கேட்ட ஏவல்களுள், நம் நன்மைக்காகவே இடப்பட்ட ஏவல் இது. இதற்கு மட்டும் கீழ்ப்படிவோம். இச்சங்கம் தன் பொன்விழாவைக் கொண்டாடும் நாளில், இன்றைய ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இம்மேடையில் நின்று மூன்று பாங்கிலும் பேசுவார்களாக.